வெயில் நாளில் எளிய மரக்கறி உணவு
கிள்ளான் பள்ளத்தாக்கு அடுப்படிகள் பற்றி ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் கோடை என்பது ஒரு பருவம். பங்குனியில் தலைகாட்டி, சித்திரையில் முற்றி, கத்திரி வெயிலாகக் காய்ந்து, பின்னர் காற்றடித்து ஓய்ந்துவிடும். மலேசியாவுக்கு வந்த தமிழர் அந்தச் சொல்லைக் கப்பலில் கொண்டு வந்தார்களே தவிர, அந்தப் பருவம் கூட வரவில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைத் தொலைவில் இருக்கும் கோலாலம்பூரில் தையும் ஆடியும் ஏறத்தாழ ஒரே சூடுதான். நடுப்பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆயினும் மழை குறைந்து புழுக்கம் மிகும் காலங்கள் இரண்டு உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மற்றொன்று. சில ஆண்டுகளில் இக்காலங்கள் நீண்டு கடுமையாகிவிடும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அதே ஆண்டிலும், பிறகு 2014 ஆம் ஆண்டிலும், கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரை முறைவைத்து விட வேண்டிய நிலையும் வந்தது.

இத்தகைய நாள்களில் வீட்டுப் பெண்ணுக்குப் பல தொல்லைகள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. அடுப்பருகில் நிற்க முடிவதில்லை. பிள்ளைகளுக்குப் பசி மந்தமாகிறது. காலையில் ஆக்கியது மாலைக்குள் ஊசிப்போகிறது. விலைவாசியோ வெயிலுக்கு இளைப்பதில்லை. இவற்றோடு விரத நாள்களும் இம்மாதங்களில் மிகுதி. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைப் பிறப்பு என்று வரிசையாக வருவதோடு, வாரந்தோறும் வெள்ளிக்கிழமையும் உண்டு. மலேசியத் தமிழரில் முழுச் சைவர் சிறுபான்மையினரே. மற்றவர்களுக்கு மரக்கறி உணவு என்பது நாள் பார்த்துச் சமைக்கும் உணவு. அந்த நாளில் மீனும் கோழியும் அடுப்படியை விட்டு நீங்குகின்றன. அவற்றின் இடத்துக்கு வருவது யாது?

பல வீடுகளில் வருவது உருளைக்கிழங்குப் பிரட்டலும் பொரித்த அப்பளமும்தான். தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அதன்மேல் தண்ணீராக ஒரு சாம்பார், பக்கத்தில் உருளைக்கிழங்கு. சோறும் மாவுப்பொருள், கிழங்கும் மாவுப்பொருள். அப்பளத்தில் உளுந்து இருந்தாலும் எண்ணெயும் உப்புமே முந்தி நிற்கின்றன. சைவ நாள் மாவு நாளாக மாறிவிடுகிறது. மாதத்தில் நாலைந்து நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். காசு முடையால் மற்ற நாள்களிலும் இதே தட்டு தொடருகின்ற குடும்பங்கள் உள்ளன. 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நாட்டிலுள்ள வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனக் கண்டறியப்பட்டது. இனவாரியாகப் பார்த்தபோது மிக உயர்ந்த விகிதம் இந்தியருடையது. அதே ஆய்வில், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவர் அளவினர் இரத்தச்சோகையுடையோர். இந்நோய்களுக்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்பது அதில் பெரும் பங்கு கொள்கிறது.

மலிவான மரக்கறி உணவு சத்தில்லாத உணவு என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. இறைச்சி வாங்க முடியாதவர் சாப்பிடுவது என்பதால் வந்த எண்ணம் இது. இது பிழை என்பதற்குக் கோலாலம்பூரிலேயே நடந்த ஒரு சோதனை சான்றாகும். நூறு ஆண்டுகளுக்கு மேலான அந்தக் கதையை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

புழுங்கலரிசியின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் கொள்ளை கொண்டது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கி இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே இந்நோய்க்கு மிகுதியாக இரையாயினர். அவர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. கைக்குத்தல் அரிசி உண்ட மலாய்க்காரக் கிராமத்தவருக்கு நோய் அரிதாகவே வந்தது. தமிழ்த் தொழிலாளருக்கோ ஏறக்குறைய இல்லை எனலாம். தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்பது இதன் பொருளன்று. மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் கொக்கிப்புழுவாலும் அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் கொசுவை எதிர்த்து நடத்திய போராட்டம் அதற்காகத்தான். எனினும் பெரிபெரி மட்டும் அவர்களைத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்தார். தமிழர் உண்பது புழுங்கலரிசி என்பதை அவர் சுட்டிக் காட்டினார்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் பிளெச்சர். 1905 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல், அவர் அங்கிருந்த மனநோய் இல்லத்து நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார். சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணுடையோர் ஒரு பிரிவு, இரட்டைப்படை எண்ணுடையோர் மறு பிரிவு. முதற் பிரிவுக்குச் சயாம் வெள்ளையரிசி. இரண்டாம் பிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டது; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தோர் இருவர் மட்டுமே. அவ்விருவரும் இல்லத்தில் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை. சம்மதம் கேட்க முடியாத நோயாளிகளை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அந்தப் பதினெட்டு உயிர்களின் விலையில்தான் இவ்வறிவு கிடைத்தது என்பதை மறப்பதற்கில்லை.

1907 இல் லான்செட் இதழில் தம் முடிவை வெளியிட்ட பிளெச்சருக்கே, வெள்ளையரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது ஏதோ சத்துக் குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1900 இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்ந்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளே இன்றியமையாதது என்று காட்டினர். ஜாவாவில் ஐக்மன் என்பவர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு இதே திசையில் முன்னரே ஆய்ந்திருந்தார். 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்ததும் ஜாவாவில்தான், 1926 இல். இன்று அதனைப் பி1 உயிர்ச்சத்து, தயாமின் என்கிறோம்.

புழுக்குவதில் நடப்பது என்ன? நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்துப் பின் குத்துகின்றனர். அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவும் இறுகிக்கொள்கிறது. ஆகவே பின்னர் தீட்டினாலும், கழுவினாலும், சத்து முழுவதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமாருக்குத் தயாமின் என்ற சொல் தெரியாது. நெல் கெடாமல் இருக்கவும், குத்தும்போது நொறுங்காமல் இருக்கவும் புழுக்கினார்கள். அந்தப் பழக்கமே கடல் கடந்த கூலியின் காலைக் காத்தது.

இன்று பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், "வெள்ளைச் சோறா, புழுங்கலா?" என்று கேட்கிறார்கள். கேட்கும் பழக்கம் கடைகளில் நிலைத்திருக்க, வீடுகளில் மறைந்து வருகிறது என்பது ஒரு விந்தை. புழுங்கலரிசியின் வாடை பிடிக்கவில்லை, வேக நேரமாகிறது என்பவை சொல்லப்படும் காரணங்கள். இரண்டும் உண்மையே. முதல்நாள் இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் குறையும். வெள்ளையரிசிக்குப் பழகிய பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். ஊறிய புழுங்கலரிசி அரைவேக்காடு வந்தபின் பச்சரிசியைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக வெந்துவரும். பொதுவாகப் புழுங்கல் சோறு இரத்தச் சர்க்கரையைச் சற்று மெதுவாகவே ஏற்றும் என்பதும் உண்மைதான். அதை நம்பி நீரிழிவுக்காரர் இரண்டாம் முறை சோறு கேட்பது சரியாகாது.

அரிசி விலையும் பருப்புக் கணக்கும்

2023 செப்டம்பரில் இந்நாட்டு இல்லத்தரசியர் ஒரு பாடம் படித்தனர். அவ்வாண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் முதல் தேதியன்று இங்கே இறக்குமதி வெள்ளையரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்ந்தது. கிலோ 2 வெள்ளி 60 காசு என்று விலை கட்டப்பட்டிருந்த உள்நாட்டு அரிசி கடைத்தட்டுகளில் காணாமற்போயிற்று. பின்னர் அந்தத் தடைகள் நீங்கின. ஆனால் சோற்றை மட்டுமே நம்பிய குடும்பம் எவ்வளவு விரைவில் தடுமாறும் என்பது தெரிந்துபோயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் பகலுணவுக்கு அரைக் கிலோ அரிசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. ஆக, 35 கிராம். நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 23 கிராம் புரதம். 150 கிராம் பருப்பைச் சேர்த்தால், ஏறக்குறைய மற்றொரு 35 கிராம் கூடுகிறது. அதாவது, இரண்டு கைப்பிடி அளவு பருப்பு முழுப் பானைச் சோற்றுக்கு ஈடான புரதத்தைத் தந்துவிடுகிறது. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. கெட்டியாக இருக்க வேண்டும்.

அளவு மட்டுமன்று, தரமும் கூடுகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் தாராளம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஒரே கவளத்தில் இரண்டும் கலக்க வேண்டும் என்று முன்பு சிலர் வற்புறுத்தியதுண்டு. அதே நாளில் உண்டால் போதும் என்பதே இன்றைய கருத்து. காலையில் இட்டலி, பகலில் பருப்புக் கூட்டு, மாலையில் சுண்டல் என்றாலும் கணக்குச் சரியாகிவிடும்.

துவரம்பருப்பு விலை ஏறினால் சமையல் நின்றுவிட வேண்டியதில்லை. மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் அதைவிட மலிவு. ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். வெயில் நாளில் அடுப்பெரியும் நேரத்தைப் பாதியாக்கும். அதன் மணம் சாம்பாருக்குச் சற்று மட்டுத்தான். சீரகமும் பூண்டும் தாளித்துக் கீரையோடு கடைந்தால் அந்தக் குறை தெரியாது. பாசிப்பருப்புக்கு அடுப்பே வேண்டாம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துருவிய வெள்ளரிக்காயும் காரட்டும் கலந்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்துக் கொட்டினால் கோசுமல்லி. இராமநவமிக்கு மட்டும் செய்யும் பண்டமாக அதை ஒதுக்கி வைத்திருப்பது வீண். கிள்ளான் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பக்க உணவு வேறில்லை.

பக்கத்து வீட்டுப் பண்டங்கள்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தபோது வீட்டுக்குப் பின்னே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, கொஞ்சம் மரவள்ளி இருக்கும். இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடித்து, நண்பகலில் திரும்பும் பெண், அடுப்பை மூட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய்க் கீரை ஒடித்துக்கொண்டு வருவாள். காசு கொடுத்து வாங்கியது பருப்பும் புளியும் மிளகாயும்தான். சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வருவது அருகியபோது, அந்தக் கொல்லை மரவள்ளியே உயிர் காத்தது. மரவள்ளி வயிற்றை நிரப்பும், புரதம் தராது. பெரிபெரியும் வீக்கமும் அந்நாளில் மீண்டும் தலைதூக்கின. கசப்பு மரவள்ளியில் நஞ்சும் உண்டு. தோல் சீவி, ஊறவைத்து, மூடாமல் வேகவைத்து, நீரை இறுத்துவிடும் முறையை அக்காலத்தவர் பட்டறிவால் கற்றனர்.

இன்று அந்தத் தோட்டங்கள் பல நகரங்களாகிவிட்டன. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் ஷா ஆலமாயிற்று. லயத்துக் குடும்பங்கள் அடுக்கு வீடுகளில் குடியேறின. முருங்கை மரத்தை எட்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்ல முடியாது. பசாரில் ஒரு கட்டுக் கீரைக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், கீரை உண்ணும் நாள்கள் குறைந்தன. மலிவு மரக்கறி உணவின் சத்துக் குறைந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கு மாற்று, அண்டை அயலாரின் அடுப்படியில் இருக்கிறது. இந்நாட்டுத் தமிழர் அதை ஓரளவு எடுத்துக்கொண்டும் உள்ளனர். கங்கோங் இன்று நம் கீரைகளுள் ஒன்றாகிவிட்டது. பாயம் என்று மலாயில் சொல்வது நம் தண்டுக்கீரைக்கு உறவுதான். சேக்கூர் மானிஸ் என்னும் கீரையை ஒரு குச்சி நட்டாலே தொட்டியில் தழைத்துவிடும். இப்பெயரே கடல் கடந்து சென்று கேரளத்தில் செக்குர்மானிஸ் என்று வழங்குகிறது. தமிழ்நாட்டில் சிலர் அதனைத் தவசிக்கீரை என்பர். ஆனால் அதைச் சமைத்தே உண்ண வேண்டும். உடல் மெலிவதற்கென்று அதைப் பச்சையாகப் பிழிந்து நாள்தோறும் குடித்த தைவான் நாட்டவர் பலருக்கு, 1990களின் நடுவில் நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்தது. கூட்டும் பொரியலுமாக உண்ணும் மலாய்க்காரருக்கு அத்தொல்லை இல்லை.

தௌகே என்று சீனர் விற்பது முளைகட்டிய பாசிப்பயறுதான். காய்ந்த பயற்றில் சி உயிர்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். முளைக்கும்போது அது புதிதாகத் தோன்றுகிறது. எட்டாம் மாடியிலும் இதை விளைவிக்கலாம். இரவில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் கோலாலம்பூர் வெப்பத்தில் இரண்டு நாளில் முளை நீண்டுவிடும். தேங்காய்த் துருவலோடு இரண்டு நிமிடம் வதக்கினால் போதும்.

தவ்ஹுவும் தெம்பேயும் சோயா அவரையின் பிள்ளைகள். தவ்ஹு சீனர் தந்தது. தெம்பே ஜாவாக்காரர் தந்தது. கிள்ளானுக்கு வடக்கே காப்பார் முதல் சபாக் பெர்ணம் வரை அவர்கள் கம்பங்கள் பல உண்டு. வேகவைத்த அவரையில் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தூவி, வாழையிலையில் பொதிந்து ஒன்றரை நாள் வைத்தால், வெண்மையாகப் பூத்து அடையாக இறுகிவிடும். நூறு கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. பூஞ்சணம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் உள்ளனர். இட்டலி மாவும் தயிரும் நுண்ணுயிர்கள் செய்து தருபவையே என்று சொன்னால் அவர்கள் சமாதானம் அடைவதில்லை. மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி, மெல்லிய வில்லையாக வறுத்து வைத்தால் சில வேளை அடைவர். புளிக்குழம்பில் கத்திரிக்காய்க்குப் பதிலாகத் தெம்பே போடுவது கிள்ளான் பக்கத்து வீடுகளில் புதுமையன்று.

பிரிக்பீல்ட்சுக்கு வந்து இரயில்வேயில் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் கொண்டு வந்த சொதியும் இங்கே குறிப்பிடத் தக்கது. வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தக்காளி இவற்றைக் கொஞ்சம் நீரில் வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கி, எலுமிச்சை பிழிந்துவிடுவர். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இதில் தவ்ஹு துண்டுகளைப் போட்டால் சொதியே முழு உணவாகிவிடும். ஒரு முன்னெச்சரிக்கை: தேங்காய் சேர்த்தது எதுவும் வெயில் நாளில் மாலை வரை நிற்காது. இரவுக்கும் வேண்டுமென்றால் புளி சேர்த்த குழம்பே தகும். தேங்காய்ப்பாலைத் தனியே வைத்து, உண்ணும் நேரத்தில் ஊற்றுவோரும் உண்டு.

காசு மிச்சப்படுவது பெரும்பாலும் குப்பைக்கூடையில்தான். தர்ப்பூசணி தின்றபின் எறியும் வெள்ளைச் சதையைப் பூசணிக்காய் போலவே கூட்டு வைக்கலாம். பீர்க்கங்காய்த் தோலைப் புளி, மிளகாயோடு வதக்கித் துவையல் அரைக்கலாம். பலாக்கொட்டையை அவித்துச் சாம்பாரிலிடலாம். முள்ளங்கியின் தலையிலுள்ள இலை நல்ல கீரை. பசார்க்காரரே வெட்டி எறிந்துவிடுகிறார், கேட்டால் தருவார்.

பழைய சோறும் புளித்த மாவும்

வெயில் நாளின் மிக மலிவான காலையுணவு பழைய சோறு. அண்மைக் காலத்தில் அதற்குப் பெரும் புகழ் வந்திருக்கிறது. இரவெல்லாம் ஊறிய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகுகிறது என்று செய்திகள் வலம் வருகின்றன. இரும்பு ஒரு தனிமம்; தண்ணீரில் ஊறுவதால் அது பிறப்பதில்லை. புளிப்பதால், இருக்கிற இரும்பை உடல் எடுத்துக்கொள்வது எளிதாகலாம், அவ்வளவே. புகழுக்கு உரிய வேறு காரணங்கள் அதற்கு உண்டு. அடுப்பு வேண்டாம், தண்ணீரும் உப்பும் ஒருங்கே உடலில் சேர்கின்றன, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் சுவைக்கும் குறைவில்லை. புழுங்கல் சோறாக இருந்தால் குழையாமல் நிற்கும். பச்சரிசிச் சோறு கூழாகிவிடும்.

ஆனால் எல்லாப் பழைய சோறும் நல்ல சோறன்று. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோற்றை இளஞ்சூட்டில் மூடிப் பல மணி நேரம் வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும்; மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே மீந்த சோற்றைப் பரப்பி விரைவில் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் முழுக மூழ்கவைக்க வேண்டும். காலையில் இலேசான புளிப்பு மணம் இருந்தால் உண்ணலாம். நூல் விட்டாலோ, துர்நாற்றம் வீசினாலோ கொட்டிவிட வேண்டும். நடுப்பகல் வரை வைத்திருப்பது கூடாது. குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில், இரவு அதில் வைத்துக் காலையில் மோர் கலப்பது இன்னும் பாதுகாப்பு. புளிப்புச் சற்றுக் குறையும்.

இட்டலி மாவும் இங்கே தமிழ்நாட்டுக் கணக்குக்கு அடங்காது. இங்கு வெப்ப நாளில் ஆறு, ஏழு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். இரவு படுக்குமுன் குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, விடியலில் வார்த்துவிட்டு, மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதே முறை. மூன்றாம் நாள் புளித்த மாவை எறியாமல், வெங்காயமும் கீரையும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாக வார்க்கலாம். தயிரும் அப்படியே, நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். வீட்டில் உறைய வைத்த தயிரைச் சைவர் எளிதாக எண்ணக்கூடாது. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. தெம்பேயில் உண்டென்பார்; அது செய்யுமிடத்தைப் பொறுத்தது, கணக்கில் கொள்ள முடியாது. பால், தயிர், மோர் இவை நாள்தோறும் தட்டில் இருக்க வேண்டும். முட்டையும் பாலும் இரண்டையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே வழி.

கீரையிலுள்ள இரும்பு இறைச்சியிலுள்ளதைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை. சி உயிர்ச்சத்து உடனிருந்தால் சேரும். கீரைக்கூட்டில் எலுமிச்சை பிழிவது, சோற்றோடு ஒரு துண்டுக் கொய்யாவோ பப்பாளியோ உண்பது ஆகியவற்றின் பயன் அதுவே. இதைக் கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர். தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்து வெளியேற்றிவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது போகட்டும். அந்தத் தேநீரிலும் இனிப்புப் பால் இரண்டு கரண்டி ஊற்றுவது இந்நாட்டு வழக்கம். டின்னிலுள்ளதில் பாதிக்கு அருகே சர்க்கரை. வெயில் தாகத்துக்கு நீர்மோர் போதும். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு, வேறொன்றும் வேண்டாம்.

சூட்டுப் பண்டம், குளிர்ச்சிப் பண்டம் என்று பிரிப்பது தமிழர் மட்டுமன்று. சீனரும் மலாய்க்காரரும் அவ்வாறே பிரிக்கின்றனர். பட்டியல்கள் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. வெள்ளரியும் பூசணியும் மூவருக்கும் குளிர்ச்சி, டுரியான் மூவருக்கும் சூடு. அறிவியல் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் குளிர்ச்சி என்று மூவரும் சொல்லும் பண்டங்களில் பெரும்பாலானவை நீர் மிகுந்தவை, மலிவானவை. வல்லாரை அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்தார் அதை நறுக்கி, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல் செய்வர். மலாய்க்காரர் பச்சையாகவே உலாமில் வைத்துச் சோற்றோடு மெல்லுவர். பசாரில் வல்லாரை என்று கேட்டால் விற்பவருக்குப் புரியாமல் போகலாம். "பெகாகா" என்று கேட்டால் கட்டை எடுத்து நீட்டுவார்.